வேதாளங்களைச் சிரிக்க வைத்த நீதிபதி

முன்னுரை

மண்ணில் பிறந்தோர் எண்ணற்றோர். மறைந்த பின்னும் நினைக்கப்படுவோர் சிலரே. அச்சிலருள் ஒருவர், தமிழ் நாடகத் தந்தை என்று போற்றப்படும் பம்மல் சம்பந்த முதலியார். அன்னாருடைய வாழ்க்கையை இவ்வாண்டு மலரில் எழுத நாங்கள் முன்வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அது எங்களுக்குப் பெருமை தரும் காரணம் அன்று. ஆயினும் அதை மறைத்துவிட்டு அவருடைய பெருமையை மட்டும் எழுதுவது நேர்மையாகாது என்று எண்ணி, முதலில் அதையே சொல்லிவிடுகிறோம்.

நாங்கள் ஐவர் ஏனாத்தூரிலிருந்து பள்ளிக்கு வருகிறோம். பத்தாம் வகுப்பு என்பதால் மாலையில் சிறப்பு வகுப்பு முடிந்து புறப்பட நேரமாகிவிடும். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எங்களுக்காகக் காத்திருந்து எங்களுடனேயே வீடு திரும்புவாள். அவளுடைய தாயார் அவளை எங்களை நம்பி ஒப்படைத்திருந்தார். ஒருநாள் மாலை, விளக்கு வைக்கும் நேரத்தில், விளையாட்டாக அவளுக்கு ஒரு பேய்க்கதை சொன்னோம். கதையில் வந்த புளியமரம், நாங்கள் நாள்தோறும் கடந்து செல்லும் புளியமரம். மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். காய்ச்சல் விட்ட பிறகும் அவள் வர மறுத்தாள். அவர்கள் வீட்டில் பட்டுத் தறி ஓடுகிறது. பயப்படுகிற பிள்ளையை எதற்கு வற்புறுத்த வேண்டும், வீட்டோடு இருந்து தார் சுற்றட்டும் என்று அவளுடைய பாட்டி சொல்லத் தொடங்கிவிட்டாராம். இதை அவளுடைய தாயார் பள்ளிக்கு வந்து கண்கலங்கச் சொன்னபோதுதான், எங்கள் விளையாட்டு ஒரு பிள்ளையின் படிப்பையே பறித்துவிடும் என்பது எங்களுக்கு உறைத்தது.

நாங்களே சகோதரியிடம் சென்று உண்மையைச் சொன்னோம். அவர் எங்களை ஏசவில்லை; வெயிலில் நிற்க வைக்கவும் இல்லை. அச்சமூட்டிய வாயே அச்சத்தைப் போக்கவும் வேண்டும் என்று சொல்லி, கீழ் வகுப்புப் பிள்ளைகள் கண்டு சிரிக்கும்படியான ஒரு பேய் நாடகத்தை நடித்துக் காட்டுமாறு பணித்தார். பேயைக் காட்டி அழ வைக்க எங்களுக்குத் தெரிந்தது; சிரிக்க வைக்கத் தெரியவில்லை. வழி கேட்டுத் தமிழாசிரியையிடம் ஓடினோம். அவர் நூலகத்திலிருந்து எடுத்துத் தந்த பழைய நூல்களில்தான் பம்மல் சம்பந்த முதலியாரை நாங்கள் சந்தித்தோம்.

இளமையும் கல்வியும்

சம்பந்தனார் 1873 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னையில் பிறந்தார். தந்தையார் விஜயரங்க முதலியார். தாயார் மாணிக்கவேலு அம்மாள். பல்லாவரத்தை அடுத்த பம்மல் என்னும் ஊரின் பெயர் குடும்பப் பெயராக அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது. தந்தையார் கல்வித் துறையில் பணியாற்றியவர். ஆதலால் வீட்டில் நூல்களுக்குக் குறைவில்லை. தமிழ் நூல்களையும் ஆங்கில நூல்களையும் சிறு வயதிலேயே ஆர்வத்துடன் படித்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். பின்னர்ச் சட்டம் பயின்று வழக்கறிஞரானார்.

இங்கே வியப்பான செய்தி ஒன்று உண்டு. நாடகத் தந்தை எனப் பின்னாளில் பெயர் பெற்ற இவருக்கு இளமையில் தமிழ் நாடகம் என்றாலே பிடிக்காது. அக்காலத்து நாடகங்கள் இரவு முழுவதும் நடைபெறும். பாட்டுக்குப் பாட்டாகவே கதை நகரும். நடிப்போரைச் சமூகம் மதிப்பதில்லை. ஆங்கிலம் கற்ற இளைஞர்கள் அவற்றை எள்ளி நகையாடினர். சம்பந்தனாரும் அவர்களுள் ஒருவராகவே இருந்தார். பிற்காலத்தில் அதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டும் இருக்கிறார்.

காஞ்சி வட்டாரத்துப் பிள்ளைகளாகிய எங்களுக்கு இது சற்று வருத்தமாகவே இருந்தது. திரௌபதி அம்மன் கோவில் திருவிழாவில் விடிய விடியப் பாரதக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள் எங்கள் பாட்டிமார். எழுதப் படிக்கத் தெரியாத அவர்களுக்குக் கர்ணனையும் பாஞ்சாலியையும் கூத்தே கற்றுக் கொடுத்தது. எனவே கூத்துக் கலை தாழ்ந்தது என்று நாங்கள் எண்ணவில்லை. ஆயினும் கற்றவர்கள் ஒதுக்கிவைத்த ஒரு கலையை அவர்களே விரும்பும்படி செய்வதற்கு ஒருவர் தேவைப்பட்டார் என்பதும் உண்மையே.

மனம் மாற்றிய நாடகங்கள்

அந்த ஒருவரை உருவாக்கியது 1891 ஆம் ஆண்டு. அவ்வாண்டில் பெல்லாரியிலிருந்து சரச வினோதினி சபையார் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடத்தினர். சபையின் தலைவர் தர்மவரம் கிருஷ்ணமாச்சாரியார் ஒரு வழக்கறிஞர். நடித்தவர்களும் கற்றறிந்தவர்களே. அவர்கள் கூச்சமின்றி வேடம் புனைந்து மேடையில் நிற்பதையும், நாடகம் உரையாடலால் உயிர் பெறுவதையும் சம்பந்தனார் கண்டார். தெலுங்கில் இயல்வது தமிழில் ஏன் இயலாது என்ற கேள்வி அவர் உள்ளத்தில் எழுந்தது. அப்போது அவருக்கு வயது 18.

கேள்வி எழுந்தால் அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டு மறந்துபோவது எங்கள் வழக்கம். அவர் அவ்வாறு செய்யவில்லை. அதே ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளன்று நண்பர்கள் சிலரைச் சேர்த்துச் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். நடிப்பதற்கு ஏற்ற நாடகம் கிடைக்கவில்லை. ஆகவே தாமே எழுதினார். புஷ்பவல்லி, லீலாவதி சுலோசனா, மனோகரன் என ஒன்றன்பின் ஒன்றாக நாடகங்கள் பிறந்தன. தம் வாழ்நாளில் அவர் எழுதியவை 90 க்கும் மேற்பட்டவை.

விடிய விடிய நடந்த நாடகம் அவர் கையில் சில மணி நேரத்தில் முடியும்படி சுருங்கியது. பாட்டுகள் குறைந்து, இயல்பான உரைநடை மேடை ஏறியது. வழக்கறிஞர்களும் அரசு அலுவலர்களும் முகத்தில் அரிதாரம் பூச முன்வந்தனர். நாட்டு விடுதலைக்காகச் சிறை சென்ற தீரர் சத்தியமூர்த்தி இச்சபையில் மனோகரனாக நடித்தவர். சென்னை விக்டோரியா மண்டபத்தில் பல்லாண்டுகள் இச்சபையின் நாடகங்கள் நடைபெற்றன. வெளியூர்களுக்கும் கடல் கடந்து இலங்கைக்கும் சபையார் சென்று நடித்தனர்.

காதலும் அச்சமும் நகையும்

இனி, எங்கள் தண்டனைக்கு வழி காட்டிய பகுதிக்கு வருகிறோம்.

சம்பந்தனார் தம்முடைய கற்பனையை மட்டும் நம்பியவர் அல்லர். வடமொழியிலும் ஆங்கிலத்திலும் உள்ள புகழ்பெற்ற காதல் நாடகங்களையும் பிற நாடகங்களையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். காளிதாசரின் சகுந்தலையும் மாளவிகாக்கினிமித்திரமும், அரசர் ஹர்ஷர் இயற்றிய ரத்னாவளியும் அவ்வாறு வந்தவையே. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் அமலாதித்யன் ஆயிற்று. மாக்பெத் மகபதி ஆயிற்று. வெனிஸ் வணிகன் வாணீபுர வணிகன் ஆயிற்று. பெயர்களைக் கேட்கும்போதே, வேற்று நாட்டுக் கதையும் நம் வீட்டுப் பிள்ளையாகிவிடுவதைக் காணலாம்.

இவற்றுள் ரத்னாவளியின் கதை எங்களை மிகவும் கவர்ந்தது. சிங்கள நாட்டு இளவரசி கப்பல் உடைந்து கடலில் வீழ்ந்து, உயிர் பிழைத்து, இன்னார் என்று எவரும் அறியாத நிலையில் உதயணன் அரண்மனையில் பணிப்பெண் ஆகிறாள். அரசன்மேல் அவளுக்கு அன்பு பிறக்கிறது. அவள் தோழியிடம் இரகசியமாகக் கூறியதை ஒரு நாகணவாய்ப் பறவை கேட்டு அப்படியே திருப்பிச் சொல்லிவிடுகிறது. குரங்கு ஒன்று கட்டை அறுத்துக்கொண்டு ஓடி அரண்மனையையே கலக்குகிறது. அரசனோடு எந்நேரமும் ஒரு விதூஷகன் இருந்து நகைப்பூட்டுகிறான். முடிவில், விலங்கிடப்பட்டுச் சிறையில் கிடக்கும் அப்பெண்ணைச் சுற்றி அரண்மனை தீப்பற்றி எரிகிறது. அனைவரும் அலறுகின்றனர், அரசன் தீக்குள் பாய்கிறான். பிறகே அது மாயாஜாலக்காரன் காட்டிய பொய்த் தீ என்று தெரிகிறது. காதல், சிரிப்பு, திகில் ஆகிய மூன்றும் ஒரே நாடகத்தில் அமைந்திருக்கின்றன. இதை ஹர்ஷர் எழுதியது ஏழாம் நூற்றாண்டில்!

அமலாதித்யனின் மூலமாகிய ஹாம்லெட்டிலும் இதே நெறியைக் காணலாம். இறந்த தந்தையின் ஆவி நள்ளிரவில் வந்து மகனிடம் முறையிடுகிறது. காதலித்த பெண் சித்தம் கலங்கி நீரில் மூழ்கி இறக்கிறாள். அவளுக்காகக் குழி தோண்டும் வெட்டியான்களோ வேடிக்கை பேசிக்கொண்டு தோண்டுகிறார்கள்.

தமிழும் இதில் பின்தங்கியதன்று. செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியை எண்ணிப் பாருங்கள். அந்நூலின் தொடக்கத்தில் காதலும் ஊடலும் பேசப்படுகின்றன. அடுத்து காளியின் காடும் பேய்க் கூட்டமும் வருகின்றன. நூலின் இறுதியில் அப்பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைத்து, ஒன்றையொன்று அழைத்துப் பரிமாறி உண்கின்றன. படிக்கும்போது முதலில் உடல் சிலிர்க்கிறது. சிறிது நேரத்தில் அப்பேய்களின் பசியையும் பரபரப்பையும் கண்டு நம் ஊர்க் கலியாணப் பந்தி நினைவுக்கு வந்து சிரிப்பு வருகிறது. அக்கலிங்கப் போருக்குக் குலோத்துங்கச் சோழன் படையை அனுப்பியது நம் காஞ்சியில் தங்கியிருந்தபோது என்று அந்நூலே கூறுகிறது. ஆகவே, சிரிக்க வைக்கும் பேய்கள் நம் ஊருக்குப் புதியவை அல்ல!

இம்மரபுகளை எல்லாம் கற்ற சம்பந்தனார், தாமே எழுதிய நாடகம்தான் வேதாள உலகம். பேயல்ல பெண்மணியே என்ற பெயரிலும் ஒரு நாடகம் எழுதியிருக்கிறார். அத்தலைப்பைப் படித்தவுடன் நாங்கள் ஐவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் சொன்ன கதையில் புளியமரத்தில் இருந்ததும் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண்ணே. கதைகளில் பேயாக வருவது ஏன் பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கிறது என்று நாங்கள் அதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை.

பெண் இல்லாத மேடை

பெரியோரின் வரலாற்றை எழுதும்போது நிறைகளை மட்டும் அடுக்குவது வழக்கம். ஆனால் பெண்பிள்ளைகள் பயிலும் பள்ளியின் மலரில் ஒன்றைச் சொல்லாமல் விட இயலவில்லை. சுகுண விலாச சபையின் மேடையில் பெண்களுக்கு இடமில்லை. கதாநாயகியாக வேடம் புனைந்தவர்களும் ஆண்களே.

அவ்வாறு நடித்தவர்களுள் தலைசிறந்தவர் சி. ரங்கவடிவேலு என்பவர். அவரும் வழக்கறிஞரே. சம்பந்தனார் நாயகனாகவும் ரங்கவடிவேலு நாயகியாகவும் பல்லாண்டுகள் இணைந்து நடித்தனர். மேடையில் காதலர்களாகத் தோன்றிய அவ்விருவரும் வாழ்வில் உயிர் நண்பர்கள். 1923 இல் ரங்கவடிவேலு மறைந்தார். அப்பிரிவு சம்பந்தனாரை மிகவும் வாட்டியது.

ஆணே பெண்ணாக நடித்ததைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. அக்காலத்திலேயே கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டும் கொண்டு ஒரு நாடகக் குழுவை நடத்திப் பெரும்புகழ் பெற்றிருந்தார். திறமை படைத்த பெண்கள் இருந்தார்கள். அவர்களைக் குடும்பப் பெண்கள் என ஏற்கும் மனம்தான் சமூகத்தில் இல்லை. நடிகன் என்றால் இழிவு என்ற எண்ணத்தைத் தகர்த்த பெரியவரால், நடிகை என்றால் இழிவு என்ற எண்ணத்தைத் தம் மேடையில் தகர்க்க முடியவில்லை. ஒரு தலைமுறை ஒரு கதவைத்தான் திறக்கும் போலும். அடுத்த கதவு வேறொரு பக்கத்திலிருந்து திறந்தது. அதைத் திறந்தது திரைப்படம்.

இன்று எங்கள் பள்ளி மேடையில் நிலைமை தலைகீழ். இளவரசனும் நாங்களே, அமைச்சரும் நாங்களே, மீசையும் எங்களுக்கே! கண் மையால் மீசை வரைந்துகொண்டு நிற்கும்போது, ரங்கவடிவேலு முதன்முதலாகக் கூந்தல் வைத்துக்கொண்டபோது அவருக்கும் இப்படித்தான் கூச்சமாக இருந்திருக்குமோ என்று எண்ணிக்கொண்டோம்.

நீதிபதியின் நாற்காலி

1924 ஆம் ஆண்டு சம்பந்தனார் சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தின் நீதிபதியானார். 1928 இல் ஓய்வு பெற்றார். முப்பது ஆண்டுகளுக்கு முன் நாடகக்காரன் என்றால் முகம் சுளித்த அதே நகரில், ஊரறிந்த நாடகக்காரர் ஒருவர் நீதிபதியின் நாற்காலியில் அமர்ந்தார். கலைக்கும் மதிப்புக்கும் பகை இல்லை என்பதை அவருடைய வாழ்க்கையே மெய்ப்பித்துவிட்டது.

ஓய்வுக்குப் பின் அவர் ஓய்ந்திருக்கவில்லை. நாடக மேடை நினைவுகள் என்ற தலைப்பில் தம் மேடை வாழ்வைப் பல பாகங்களாக எழுதினார். தாம் செய்த பிழைகளையும் அதில் மறைக்காமல் எழுதினார். சிவாலயங்களைப் பற்றியும் அவற்றின் சிற்பங்களைப் பற்றியும் நூல்கள் இயற்றினார். அறுபது வயதை நெருங்கியபோது, பேசும் படம் என்ற புதிய கலை தமிழகத்தின் கதவைத் தட்டியது. அவர் அதற்கும் கதவைத் திறந்தார்.

வெள்ளித்திரையில்

1935 இல் ரத்னாவளி திரைப்படமாக வந்தது. 1936 இல் மனோகரன் நாடகம் மனோகரா என்ற படமாயிற்று. அதில் அரசன் புருஷோத்தமனாக நடித்தவர் வேறு எவரும் அல்லர். 63 வயது நிரம்பிய சம்பந்தனாரே! 1941 இல் சபாபதி வந்தது. டி. ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும் எசமானும் வேலைக்காரனுமாக நடித்த அப்படத்தைக் கண்டு இன்றும் எங்கள் தாத்தாமார் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். அதே ஆண்டு சந்திரஹரியும் படமாயிற்று. பொய்யே பேசாத அரிச்சந்திரனைத் தலைகீழாக்கி, உண்மையே பேசாத ஓர் அரசனைப் படைத்த வேடிக்கைக் கதை அது. நாயகனாகக் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் நடித்தார்.

1948 ஆம் ஆண்டில் வேதாள உலகம் வெள்ளித்திரைக்கு வந்தது. ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் அதைத் தயாரித்து இயக்கினார். இளவரசனாக டி. ஆர். மகாலிங்கமும், அவனுடன் செல்லும் வேடிக்கைத் தோழனாகக் கே. சாரங்கபாணியும் நடித்தனர். வேதாளங்கள் வாழும் உலகில் சோதனைகளும் உண்டு, இளவரசியின் காதலும் உண்டு, தோழனின் கூத்தும் உண்டு. மகாகவி பாரதியாரின் பாடல்கள் அப்படத்தில் ஒலித்தன. லலிதா, பத்மினி சகோதரிகள் நடனமாடினர். சம்பந்தனாரின் சபை மேடையில் பெண்ணின் பாதம் பட்டதில்லை. ஆனால் அவருடைய கதை திரைக்கு வந்தபோது அதில் பெண்களே பெண்களாக நடித்தனர், ஆடினர். முன்னே நாங்கள் குறிப்பிட்ட அடுத்த கதவு இதுவே.

1954 இல் மனோகரா மீண்டும் படமாயிற்று. கலைஞர் மு. கருணாநிதியின் உரையாடலும், நடிகர் திலகம் சிவாஜி கணேசன், கண்ணாம்பா ஆகியோரின் நடிப்பும் அக்கதையைப் பட்டி தொட்டியெங்கும் கொண்டுசென்றன. நாடகம் எழுதப்பட்டு அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் அதன் உயிர் குன்றவில்லை.

இன்று பேயும் சிரிப்பும் கலந்த படங்கள் பல வருகின்றன. சந்திரமுகி, காஞ்சனா, அரண்மனை ஆகியவற்றைக் கண்டு அலறிக்கொண்டே சிரிக்காதவர் எங்கள் வகுப்பில் இல்லை. மேல்நாட்டிலும் இவ்வாறு உண்டு. ஜேன் ஆஸ்டின் என்னும் ஆங்கில அம்மையார் 1813 இல் வெளியிட்ட புகழ்பெற்ற காதல் நாவலில், பிணங்கள் எழுந்து நடமாடும்படி 2009 இல் ஒருவர் மாற்றி எழுத, அது 2016 இல் திரைப்படமாயிற்று. செவ்விய காதல் கதையில் பேயைப் புகுத்துவதா என்று சிலர் முகம் சுளித்தனராம். ஹர்ஷரையும் செயங்கொண்டாரையும் சம்பந்தனாரையும் படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது அத்தனை புதுமையாகத் தோன்றாது.

இறுதிக் காலம்

அன்னாரின் தொண்டைப் பாராட்டி இந்திய அரசு 1959 இல் பத்மபூஷண் விருதளித்துச் சிறப்பித்தது. அப்போது அவருக்கு வயது 86. கூத்து, பேசும் படம் ஆகிய இரண்டு காலங்களையும் கண்ட அப்பெருந்தகை 1964 ஆம் ஆண்டு செப்டம்பர் 24 ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவருக்கு அப்போது வயது 91. அவர் தொடங்கிய சபை இன்றும் சென்னை அண்ணா சாலையில் அவர் பெயரை நினைவூட்டிக்கொண்டு நிற்கிறது.

எங்கள் வேதாளம்

சம்பந்தனாரின் நாடகத்தை அப்படியே நடிக்க எங்களுக்கு ஆற்றல் இல்லை. அவரிடம் கற்ற நெறியைக் கொண்டு இருபது நிமிட நாடகம் ஒன்றை நாங்களே எழுதினோம். ஓர் இளவரசன், அவனுடைய தோழன், சிறைப்பட்ட ஓர் இளவரசி, கேள்வி கேட்கும் ஒரு வேதாளம் ஆகியோரே பாத்திரங்கள்.

முதல் ஒத்திகையில் வேதாளம் மிகவும் கொடூரமாக இருந்தது. பார்க்க வந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அழுதுவிட்டது. இரண்டாம் ஒத்திகையில் வேதாளத்தை வெறும் கோமாளி ஆக்கினோம், ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகுதான் புரிந்தது. முதலில் மேடையில் உண்மையான அமைதியும் சிறிது அச்சமும் இருக்க வேண்டும். இளவரசனுக்கு இளவரசிமேல் உண்மையான அன்பு இருக்க வேண்டும். இல்லையேல் அவன் ஏன் அந்த இருட்டுக்குள் போகிறான்? அவ்வளவும் அமைந்த பின், தோழனின் முழங்கால் நடுங்கினால் போதும். சிரிப்பு தானாக வந்துவிடுகிறது.

எங்கள் ஊரில் கோர்வைச் சேலை நெய்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உடலுக்கு ஒரு நிறம், இருபக்கக் கரைக்கு வேறு நிறம். நெசவாளர் ஒரு பக்கம் நாடா ஓட்ட, மறுகரைக்குத் துணையாள் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து கைகொடுப்பார். மூன்று நாடாவும் முறைப்படி ஓடினால்தான் உடலும் கரையும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். ஒன்று தவறினாலும் சேலை அந்த இடத்தில் கிழியும். காதல், அச்சம், நகை மூன்றையும் சம்பந்தனார் அவ்வாறே பூட்டியிருக்கிறார். நாங்கள் புளியமரத்தடியில் சொன்ன கதையில் அச்சம் என்னும் ஒரு நாடாவே ஓடியது. அதனால்தான் ஒரு பிள்ளையின் மனம் கிழிந்தது.

நாடகத்தன்று அச்சிறுமியை அவளுடைய தாயார் அழைத்து வந்தார். அவள் முதல் வரிசையில், தாயாரின் முந்தானையைப் பிடித்தபடி அமர்ந்திருந்தாள். வேதாளம் நுழைந்தபோது இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். வேதாளம் இருபத்து நான்கு கேள்விகள் கேட்பதாகச் சபதம் செய்துவிட்டு, பதினொன்றுக்குப் பிறகு எண்ணிக்கை மறந்து, மேடையில் இருந்த எல்லாரிடமும் கெஞ்சத் தொடங்கியது. அப்போது அவளுடைய விரல்கள் மெல்ல விலகின. சிறிது நேரத்தில் பன்னிரண்டு என்று உரக்கச் சொல்லி வேதாளத்துக்கு உதவிய முதல் குரல் அவளுடையதே.

அடுத்த திங்கட்கிழமை அவள் பள்ளிக்கு வந்தாள். மாலையில் புளியமரத்தைக் கடக்கும்போது நாங்கள் ஐவரும் வாய் திறக்கவில்லை. அவளே பேசினாள். அந்த மரத்து வேதாளத்துக்குத் தார் சுற்றத் தெரியாதாம். நூலைச் சிக்கலாக்கிவிட்டுப் பாட்டியிடம் திட்டு வாங்குகிறதாம். வீடு வரும்வரை அக்கா, அக்கா என்று அழைத்து அக்கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். நாங்கள் கேட்டுக்கொண்டே நடந்தோம்.

முடிவுரை

அன்புத் தோழியரே, வெறுத்த ஒன்றை விரும்பக் கற்றவர் பம்மல் சம்பந்த முதலியார். கற்றோர் ஒதுக்கிய கலைக்குக் கற்றோரிடமே மதிப்புப் பெற்றுத் தந்தார். காதலையும் அச்சத்தையும் சிரிப்பையும் ஒரே மேடையில் அமர்த்தினார். அவர் திறக்காமல் விட்ட கதவு வழியே இன்று நாம் மேடை ஏறுகிறோம். கதை சொல்லும் ஆற்றல் நம் எல்லாரிடமும் இருக்கிறது. ஆனால் கேட்பவர் நம்மை நம்பி உடன் நடந்து வருகிறார் என்பதை மறவாமல் கதை சொல்வோமாக. அதுவே நாடகத் தந்தைக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.

பத்தாம் வகுப்பு மாணவி, ஏனாத்தூர்